ராயபுரம் வீட்டு குரூப்: எம்டன் வேலை

தம்பி: சித்தப்பா, ரிமோட்டில் ஓடி ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிக்கிற மாதிரிப் போர்க்கப்பல் சண்டைக்கு நாம் எம்டன் செய்கிறோமே, அந்தக் கப்பல் முழுக்க ஃபைபர் கிளாஸ் போட்டுவிடலாமா? நீங்கள் காசிமேட்டில் படகுக்குப் போடுகிற மாதிரி இரண்டு லேயர். எவன் சுட்டாலும் ஓட்டை விழாது.

சித்தப்பா: போடவே கூடாதுடா. அடிப்பக்கம் ஃபைபர் சரி. பக்கவாட்டை ஜன்னல் ஜன்னலாக வெட்ட வேண்டும். நடுவில் இடைவெளி விட்டு விலாக் கட்டை, அதன் மேல் பால்சா என்கிற ரொம்ப லேசான மரத்தில் 1/32 அங்குலப் பலகை. அதாவது 0.8 மி.மீ., விரலால் குத்தினாலே உடையும். குண்டு துளைக்க வேண்டும், தண்ணீர் ஏற வேண்டும், அதுதான் இந்த விளையாட்டே. சண்டை முடிந்ததும் பால்சாவை உரித்துப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.

அக்கா: அவ்வளவு வேலை செய்து மூழ்கடிக்கவா?

சித்தப்பா: மூழ்கினால் போய்விடாதும்மா. உள்ளே கயிறு கட்டிய மிதவை இருக்கும், அது மேலே வரும், இழுத்து எடுத்துவிடலாம்.

தம்பி: பாயின்ட்?

சித்தப்பா: இந்த விளையாட்டில் ‘ஃபாஸ்ட் கன்’ என்று ஒரு விதிமுறை இருக்கிறது. அதில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு ஓட்டைக்கு 10 பாயின்ட், நீர்மட்டத்திலேயே 25, கீழே 50. அதனால் கீழேதான் குறி வைப்பார்கள். தண்ணீரை வெளியேற்ற பம்ப் உண்டு, ஆனால் அதன் வாய் 1/8 அங்குலம்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், பணக்காரன் பெரிய பம்ப் வாங்கித் தப்பிக்க முடியாது.

தம்பி: எம்டன் எவ்வளவு நீளம் வரும்?

சித்தப்பா: அளவு 1:144. நிஜக் கப்பல் 118 மீட்டர், நம்முடையது 82 செ.மீ. அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. எடைதான் பிரச்சினை. கணக்குப் போட்டால் ஒன்றே கால் கிலோ பக்கம் வருகிறது, அதற்குள் மோட்டார், பேட்டரி, பம்ப், ரிமோட் சிக்னல் வாங்கும் ரிசீவர், துப்பாக்கி சுடுவதற்கான CO2 வாயு பாட்டில், துப்பாக்கி எல்லாம் அடங்க வேண்டும். சமையலறைத் தராசை எடுத்து வை, ஒவ்வொரு சாமானையும் நிறுத்துவிட்டுத்தான் உள்ளே வைக்கப்போகிறோம்.

ஆயா: எம்டன்னா நம்ம ஊர் மேல குண்டு போட்ட கப்பல் தானே?

சித்தப்பா: அதேதான் ஆயா. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எண்ணெய் டேங்குகள் எரிந்தனவே. ஐகோர்ட் மதில் பக்கம் கல்வெட்டு இருக்கிறது, இவனை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

அக்கா: துப்பாக்கி என்றீர்களே, கண்ணில் பட்டால்?

சித்தப்பா: .177 அங்குல உருண்டை, நிஜமாகவே கண் போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கரைப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்களும்தான். அதனால் இப்போதைக்குத் துப்பாக்கியே வேண்டாம், அதன் எடைக்கு ஈயம் வைத்துவிடுவோம். முதலில் மீன் ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி மிதக்க விட்டு, ஆணியால் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு ஓட்டை போட்டு, பம்ப் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்ப்போம்.

தம்பி: ஓட்டை நான்தான் போடுவேன்.

சித்தப்பா: சரி, நீயே போடு. சனிக்கிழமை ஸ்கூல் விட்டதும் ஷெட்டுக்கு வா, பழைய சட்டை போட்டுக்கொண்டு வா.