படிவத்தில் இடம்பெறாத தாய்மாமா

அறுவை சிகிச்சை வார்டு செவிலியர்:
மரபியல் என்றால் மெண்டலின் பட்டாணிச் செடியோடு முடிந்துபோன பாடம் என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். ஒரு சாதாரண ஹெர்னியா அறுவை சிகிச்சை அந்த நினைப்பைக் கலைத்தது.

நோயாளி இளைஞர். 'பரம்பரை நோய் உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. தியேட்டருக்குக் கிளம்பும் நேரத்தில் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மயக்க ஊசியால் ஒன்றும் ஆகாதே சிஸ்டர்? என் தம்பி கால் எலும்பைச் சேர்க்கப் போய், மேசையிலேயே உடம்பு கொதித்துச் செத்துப்போனான்."

ஸ்ட்ரெச்சரை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. பெரும்பாலும் ஆர்ஒய்ஆர்1 மரபணுவில் உள்ள கோளாறு. செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களோ, தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சமெத்தோனியமோ உள்ளே போனால் தசை செல்களில் கால்சியம் கட்டுமீறிக் கொட்டும். தசை விறைத்து, உடல் வெப்பம் எகிறும். அந்த மருந்துகளைச் சந்திக்காதவரை ஆள் கல்லுப்போல இருப்பார். அந்த அம்மாவும் அப்படித்தான் இருந்தார். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

மயக்கவியல் மருத்துவர் அன்றைய அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார். பிறகு வாயு இல்லாமல், புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை மட்டும் ரத்தக் குழாய் வழியே செலுத்தி, இந்தக் கோளாறுக்கான மாற்று மருந்தான டான்ட்ரோலீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடித்தார்கள். பரிசோதனையில் அம்மா, மகன் இருவருக்குமே அந்த மாற்றம் இருந்தது. தம்பி செத்ததை யார்தான் 'பரம்பரை நோய்' என்று சொல்வார்கள்? "மயக்க மருந்து கொடுத்தபோது வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனதா?" என்றுதான் இப்போது கேட்கிறேன்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
நான் தவறு செய்த கதை என்னுடையது. பெற்றோர் இருவருமே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர்கள், அதாவது நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். முதல் குழந்தைக்கு நோய் இருந்தது, மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வருவார்கள். "நாலில் ஒன்று என்றார்களே, அந்த ஒன்று இவன்தானே, இனிப் பயமில்லையே?" என்று அம்மா கேட்டார். ஆறுதலாக இருக்கட்டுமென்று தலையாட்டிவிட்டேன். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 சதவீதம்தான், மூத்த பிள்ளை யாருடைய பங்கையும் வாங்கிக்கொள்வதில்லை என்பது அன்றிரவு டியூட்டி முடிந்து போகும்போதுதான் உறைத்தது. அடுத்த முறை அவர்கள் வந்ததும் முதல் வேலையாக, நான் தலையாட்டியது தவறு என்று சொல்லி, காசைச் சுண்டிக் காட்டி விளக்கினேன். அந்த அம்மா கோபப்படவில்லை. காசை என் கையிலிருந்து வாங்கி அவரே நான்கைந்து முறை சுண்டிப் பார்த்தார். பிறகு மரபணு ஆலோசகரிடம் அனுப்பிவைத்தோம்.

புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்:
எங்கள் பழைய படிவம் மார்பகப் புற்றுநோய்க்கு அம்மா, அக்கா, சித்தியோடு நின்றுவிடும். ஆனால் அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வரும். அத்தைகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய முதல் வாரமே, "மூன்று அத்தைகளில் இருவருக்கு இருந்தது, அதையும் சொல்ல வேண்டுமா?" என்றார் ஒரு நோயாளி.