அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாடகை தராதவரை முறைப்படி காலி செய்ய வைப்பது எப்படி?

கேள்வி – லிங்கராஜபுரம் வாசி

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் என் அம்மாவின் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். முதல் மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை மாதம் 22,000 ரூபாய், அட்வான்ஸ் 2 லட்சம், வழக்கமான 11 மாத அக்ரிமெண்ட். அது சென்ற ஆண்டே முடிந்துவிட்டது. புதிதாக எழுதிக்கொள்ளாமல் மாதாமாதம் வாடகையை மட்டும் வாங்கி வந்தோம்.

குடும்பம் வசிப்பதற்காக வாடகைக்கு எடுத்த வீட்டில் இப்போது அவர்கள் அலுவலகங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்புகிறார்கள். மாடிப்படிக்கு அடியில் பெரிய சிலிண்டர்கள் அடுக்கியிருக்கின்றன. சம்ப்பில் ஏற்றும் தண்ணீர் நண்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது. பாத்திரம் கழுவிய எண்ணெய் கழிவுநீர்த் தொட்டியில் வெள்ளையாக உறைந்து, எங்கள் குளியலறை வழியாகக் கழிவுநீர் எதிர்த்து வருகிறது. நயமாகவும் சொன்னோம், கண்டித்தும் சொன்னோம். மூன்று மாதமாக வாடகையும் வரவில்லை. கேட்டால், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

மோட்டாரை நிறுத்திவிடு, அவர்கள் ஊருக்குப் போகும்போது வேறு பூட்டுப் போட்டுவிடு என்று உறவினர்கள் யோசனை சொல்கிறார்கள். மேலே பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பதால் அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை, எனக்கும் மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் – சிவில் வழக்கறிஞர், பெங்களூரு

உங்கள் அம்மா சம்மதிக்காததுதான் சரி. சட்ட நடவடிக்கை இல்லாமல், விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றப்பட்ட ஒருவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அதே வீட்டுக்குள் திரும்ப வர முடியும். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. பூட்டுப் போட்ட நாளிலிருந்து நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகவும் அவர் பாதிக்கப்பட்டவராகவும் மாறிவிடுவீர்கள்.

கர்நாடக வாடகைச் சட்டம், 1999 உங்களுக்குப் பொருந்தாது. பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகள் அதன் வரம்புக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படியே நீங்கள் நடக்க வேண்டும். அக்ரிமெண்ட் காலம் முடிந்த பிறகும் வாடகை வாங்கியதால், 116-ஆம் பிரிவின்படி அது மாதாந்திர வாடகையாகத் தொடர்கிறது. அதை முடிக்க 106-ஆம் பிரிவு 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கேட்கிறது. அந்த நாட்கள் நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியிலிருந்து கணக்காகும். ஆனால் உங்கள் பழைய அக்ரிமெண்டில் இரண்டு மாத நோட்டீஸ் என்று எழுதியிருந்தால், பின்னால் அதை வைத்து வாதம் எழாதபடி இரண்டு மாதமே கொடுத்துவிடுங்கள்.

நோட்டீஸில் உங்கள் அம்மா கையெழுத்திட வேண்டும், அல்லது அவர் சார்பில் அவருடைய வழக்கறிஞர் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தபாலில் அனுப்பி, கிடைத்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தாலும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒருவேளை எதுவுமே இயலாமல் போனால், வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவதற்கும் அதே பிரிவு இடம் தருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உற்பத்தித் தொழிலுக்காக விட்ட இடத்துக்கு நோட்டீஸ் காலம் ஆறு மாதம். சமையல் தொழில் நடப்பதைக் காட்டி எதிர்த்தரப்பு இந்த வாதத்தை எடுக்கக்கூடும். எந்த நோக்கத்துக்காக வீடு விடப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குடியிருக்க மட்டும் என்று எழுதிய பழைய அக்ரிமெண்ட்தான் அங்கே உங்களுக்குத் துணை. சிலிண்டர்களையும் தொட்டியையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். ஆனால் நோட்டீஸில் குறைகளை அடுக்கி அவற்றை நிரூபிக்கும் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மாதாந்திர வாடகையை முடிக்கக் காரணமே சொல்லத் தேவையில்லை.

பதில் – ராமமூர்த்தி நகர் வீட்டுக்காரர்

வழக்கறிஞர் ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. இருந்தாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடியது என்பதால், நான் பணக் கணக்கிலிருந்து பேசுகிறேன். 2 லட்சத்தில் மூன்று மாத வாடகை 66,000 போய்விட்டால் மீதி 1,34,000. இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டால் அட்வான்ஸ் காலியாகிவிடும். பிறகு காலி செய்யச் சொல்லி அவர்களிடம் பேசுவதற்கு உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. பெங்களூரில் ஒரு குடும்பம் வீடு மாறுவதற்குப் பெரிய தடை புது வீட்டின் அட்வான்ஸ்தான். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்று சொல்கிறது; நம் ஊர் வழக்கமோ பத்து மாதம் வரை போகிறது. அந்தப் பணம் பழைய வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கும்போது அவர்கள் எதை வைத்துப் புது வீடு பிடிப்பார்கள்?

நோட்டீஸ் கொடுத்த கையோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். புது வீட்டுக்கு அக்ரிமெண்ட் போட்டதைக் காட்டினால், மீதியில் ஒரு பகுதியை முன்னதாகவே வங்கி வழியாக அனுப்புவதாகவும், சாவி கொடுக்கும் நாளில் எஞ்சியதைத் தருவதாகவும் எழுதிக் கொடுங்கள். பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. 22,000 ரூபாயைவிட வீடு கைக்கு வருவதுதான் பெரிது.

பதில் – பானஸ்வாடியில் வாடகைக்கு இருப்பவள்

வாடகைக்கு இருப்பவர்களின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீடு தேடுவது கடினம். மார்ச், ஏப்ரலுக்கு இன்னும் ஓரிரு மாதமே இருந்தால் தேதியை அதற்கு ஏற்ப வைத்துப் பாருங்கள். சமையல் தொழிலை மட்டும் உடனே வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் பயப்படுவது காலி செய்வதற்கு அல்ல, காலி செய்த பிறகு அட்வான்ஸுக்காக வீட்டுக்காரரின் வாசலில் நிற்க வேண்டிவருமே என்பதற்குத்தான்.

மீண்டும் – லிங்கராஜபுரம் வாசி

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் நோட்டீஸ் அனுப்பி, அதன் காலம் முடிந்த பிறகு அவர்கள் திடீரென்று ஒரு மாத வாடகையை அம்மாவின் கணக்கில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

பதில் – சிவில் வழக்கறிஞர், பெங்களூரு

நல்ல கேள்வி, பலர் சறுக்குவது இங்கேதான். நோட்டீஸுக்குப் பிறகும் குடித்தனம் தொடர்கிறது என்ற எண்ணத்தைக் காட்டும்படி வீட்டுக்காரர் நடந்துகொண்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவின்படி அந்த நோட்டீஸ் கைவிடப்பட்டதாகிவிடலாம். பணம் வாங்கியதால் மட்டுமே அப்படி ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம். பணம் வந்த அன்றே, "நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு வீட்டில் இருப்பதற்கான இழப்பீடாக மட்டுமே இதை ஏற்கிறோம், நோட்டீஸைக் கைவிடவில்லை" என்று கடிதம் அனுப்புங்கள். வாடகை ரசீது எழுதிக் கொடுக்காதீர்கள்.

பேச்சுவார்த்தையில் உடன்பாடு வந்தால், அதை வெறும் தாளில் விட்டுவிடாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பித்து, வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தில் பதிவு செய்யப் பாருங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அங்கே தரப்படும் தீர்வுக்கு சிவில் நீதிமன்ற டிக்ரியின் மதிப்பு உண்டு. அதன் மேல் அப்பீலும் கிடையாது. சொன்ன தேதியில் அவர்கள் போகாவிட்டால் முதலிலிருந்து வழக்குப் போட வேண்டியதில்லை, நேரே நிறைவேற்று மனுவுக்குப் போகலாம். அந்த உடன்பாட்டில் காலி செய்யும் தேதி, அட்வான்ஸ் மீதித் தொகை, மின்கட்டண பாக்கி, கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது ஆகிய நான்கும் தெளிவாக இருக்கட்டும்.