பெடிபால்ப்: ‘உணர்கால்’ வேண்டாம், ‘முகக்கை’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

சிலந்தி, தேள் போன்றவற்றின் வாயருகே, கால்களுக்கு முன்னால் இருக்கும் ஒரு சோடி உறுப்புத்தான் பெடிபால்ப். நம் கலைச்சொல் உரையாடலில் அதற்கு ஐயா தந்த ‘உணர்கால்’ வாசிக்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அதில் ‘கால்’ வரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

போன கிழமை, ஆறாம் தரம் படிக்கும் மருமகளும் நானும் கிணற்றுக்கட்டில் ஒரு தாவும் சிலந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டி உறுப்புகளை அது மேலும் கீழும் ஆட்டியபடி இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, “மாமா, இதுக்குப் பத்துக் கால்” என்றாள். பூச்சி வேறு, சிலந்தி வேறு என்று பிள்ளைகளுக்குக் காட்டும் முதல் அடையாளமே எட்டுக்கால்தான். அதை நம்முடைய கலைச்சொல்லே குழப்பலாமா? வடஇலங்கையின் மாங்குளம் பக்கம் கிடைத்து, 2012இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட போய்சிலோதெரியா ராஜேயி போன்ற பெரிய சிலந்திகளில் பெடிபால்ப் நீண்டு, அசல் காலைப் போலவே தெரியும்.

தேளின் முன்பக்கக் கவ்விகளும் பெடிபால்ப்தான். ‘கொடுக்கு’ என்று வைக்கலாமே என்று அக்கா கேட்டிருந்தார். நண்டின் கொடுக்கு கவ்வும். தேளின் கொடுக்கோ வாலில் இருந்து கொட்டும். ஒரே தேளில் இரண்டு கொடுக்கு வந்துவிடும்.

என் மனம் ‘கை’யில் நிற்கிறது. யானையின் மூக்கு செய்யும் வேலையைப் பார்த்துத்தானே துதிக்கை என்றார்கள். இதுவும் தடவிப் பார்க்கிறது, இரையைப் பிடிக்கிறது. ஆண் சிலந்தி சின்னதாக ஒரு வலை பின்னி, அதில் ஒரு துளி விந்தை விட்டு, பெடிபால்ப் நுனியிலுள்ள குமிழில் உறிஞ்சிக்கொண்டு பெண்ணைத் தேடிப் போகிறது. வளர்ந்த ஆணில் அந்த நுனி பொம்மியிருக்கும். நெருங்கிய இனங்களைப் பிரித்தறிகிறவர்கள் உருப்பெருக்கியில் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் குமிழின் வடிவத்தைத்தான்.

முதலில் ‘வாய்க்கை’ என்று எழுதினேன். உரத்து வாசித்தபோது ‘வாழ்க்கை’ போலக் கேட்டது, விட்டுவிட்டேன். அப்புறம் வந்ததுதான் ‘முகக்கை’. ஆண் சிலந்திக்குக் குமிழ்முகக்கை, தேளுக்குக் கவ்வுமுகக்கை என்று அடைமொழியும் எளிதாக ஒட்டுகிறது.

சரி, பெடிபால்ப்புக்கும் முன்னால், வாயை ஒட்டி இருக்கும் முதல் சோடி உறுப்பான கெலிசெராவுக்கு யாராவது ஒரு சொல் தாருங்கள். ‘தாடை’ என்று மட்டும் போட்டால் பூச்சியின் தாடையோடு கலந்துவிடும். சிலந்திக்கும் தேளுக்கும் அந்தத் தாடை கிடையாது.