காப்பீட்டு அட்டை இருந்தும் கை கொடுக்காத அனுபவம் உங்களுக்கு உண்டா?

காவிரிக்கரை:
போன ஆவணியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோ பார்த்துவிட்டு இரண்டு ஸ்டென்ட் வைக்கணும் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சட்டைப்பையில் இருந்ததால் தைரியமாகத்தான் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான். அம்மா போன பிறகு அப்பாவின் பெயரைத் தம்பியின் ரேஷன் கார்டுக்கு மாற்றியிருந்தோம். தம்பி அட்டையே எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அப்பா கேட்டார்: "என் பேரு இல்லையாடா?" பணத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டோம். அந்தக் கேள்விதான் இன்னும் தூங்க விடமாட்டேன் என்கிறது.

லேத் பட்டறை:
தம்பி கார்டை வைத்து அன்றைக்கே கலெக்டர் ஆபீஸில் புது அட்டை எடுத்திருக்கலாமே? சரி, என் கதை. 2019இல் வருமானச் சான்றில் 84,000 என்று போட்டுக் கொடுத்தார்கள். அப்போது வரம்பு ஆண்டுக்கு 72,000. அட்டை கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். 2022இல் வரம்பை 1,20,000 ஆக்கியது எனக்குத் தெரியவே தெரியாது. போன வருஷம் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தாலிக்கொடியை அவளே கழற்றி, மஞ்சள் கயிற்றை மாட்டிக்கொண்டு, "இதை வச்சிடுங்க" என்று கையில் கொடுத்தாள். அடகுக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர்தான் சொன்னார், இப்போது நமக்கும் அட்டை கிடைக்கும் என்று.

காவிரிக்கரை:
அண்ணா, அது சனிக்கிழமை ராத்திரி. எந்த ஆபீஸ் திறந்திருக்கும்?

மண்டபத்து அக்கா:
நாங்கள் முகாமில் இருக்கிறவர்கள். இலங்கை அகதிகளுக்கு எதுவும் கிடைக்காது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்று ஒரு நர்ஸ் சொல்லித்தான் என் அக்காவுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. காசில்லாமல் நடந்தது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், விஏஓவிடம் விண்ணப்பித்து வாங்கும் வருமானச் சான்று, மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். வருஷத்துக்கு 5 லட்சம் என்பது ஆளுக்கு இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. காய்ச்சலுக்கு வெளிநோயாளிச் சீட்டு போட்டு மாத்திரை வாங்குவது இதில் வராது. பட்டியலில் இருக்கிற சிகிச்சைக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரி என்று போய் நிற்காதீர்கள். ஒரே ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு அனுமதி இருக்கும், எலும்புக்கு இருக்காது. சேர்வதற்கு முன்பே 1800 425 3993க்குப் போன் செய்து, "இந்த நோய்க்கு, இந்த ஆஸ்பத்திரியில் உண்டா" என்று கேளுங்கள். அப்புறம், கல்யாணம், சாவு, தனிக்குடித்தனம் என்று ரேஷன் கார்டில் பெயர் மாறினால் காப்பீட்டு அட்டையையும் உடனே பாருங்கள்.

சேலத்துக்காரன்:
தம்பி பைக்கில் அடிபட்டான். ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்ததும் நான் ஓடியது வீட்டுக்கு. பீரோவைக் கவிழ்த்து, அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அட்டையைத் தேடினேன். நாற்பது நிமிஷம். போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். "உங்களைத்தான் தேடிக்கிட்டே இருந்தான்" என்றார் வார்டு அம்மா. சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. பதிவு பெற்ற ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரத்துக்கு அட்டையும் வேண்டாம், வருமானமும் பார்ப்பதில்லை, வெளி மாநிலத்துக்காரராக இருந்தாலும் பார்ப்பார்கள். தெரிந்திருந்தால் அந்த நாற்பது நிமிஷமும் அவன் பக்கத்தில் இருந்திருப்பேன்.

லேத் பட்டறை:
காவிரிக்கரை தம்பி, சனிக்கிழமை என்று தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னிச்சிடுங்க. அப்பாவுக்கு இப்போது அட்டை எடுத்தாச்சா?

காவிரிக்கரை:
எடுத்தாச்சு அண்ணா. அப்பாவே தம்பி குடும்பத்தோடு போய் வந்தார். அட்டையில் தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை வாசித்தார்.