ஊசியிலை மர அடிக்கட்டையில் பற்களுள்ள கூழ்மப் பூஞ்சை: இனங்காண உதவி தேவை

மலைவழி (கேள்வி):

வணக்கம். ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காட்டில், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட ஓர் ஊசியிலை மரத்தின் அடிக்கட்டையில் மூன்று வகைப் பூஞ்சைகள் அருகருகே வளர்ந்திருப்பதைக் கண்டேன். அக்டோபர் இறுதி, தொடர்ந்து மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம்.

முதலாவதுதான் என்னைப் பெரிதும் வியக்க வைத்தது. சுமார் 4 செ.மீ. அகலத்தில் விசிறி வடிவில் கட்டையின் பக்கவாட்டிலிருந்து நீண்டிருந்த அது, நுங்கைப் போல ஒளி ஊடுருவும் வெண்சாம்பல் நிறத்தில் இருந்தது. விரல் பட்டதும் அசைந்தது. அடிப்பகுதியில் செவுள்களும் (குடைக்காளானின் அடியில் காணும் மெல்லிய தகடுகள்) இல்லை, துளைகளும் இல்லை. 2 அல்லது 3 மி.மீ. நீளமுள்ள மென்மையான பற்கள் நெருக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் நுனியில் கிளைவிட்ட, 6 செ.மீ. உயரமுள்ள வழுவழுப்பான தண்டுகள். மூன்றாவது, வெட்டுமுகத்தை ஒட்டிய கடினமான கரும்பழுப்பு அடுக்கு. அதன் விளிம்பு மட்டும் ஆரஞ்சு நிறம்.

அந்தக் காட்டில் ஸ்ப்ரூஸ், வெள்ளி ஃபிர் ஆகிய இரண்டும் கலந்து நிற்கின்றன. கட்டை எந்த மரத்துடையது என்பதை எப்படி அறிவது? பற்களுள்ள பூஞ்சை, முட்கள் தொங்கும் ஹெரிசியம் வகையைச் சேர்ந்ததாக இருக்குமா?

காளான்_குறிப்பேடு:

முதலாவது சூடோஹிட்னம் ஜெலட்டினோசம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கூழ்ம உடலும் அடியில் பற்களும் ஒருசேர அமைந்த வேறொரு பூஞ்சையை ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளில் எளிதில் காண முடியாது. வெள்ளி ஃபிர்ரில் வளரும் ஹெரிசியம் ஃபிளஜெல்லம் உங்கள் பகுதியிலும் உண்டு என்பதால் நீங்கள் அதை நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் அதன் சதை வெண்மையானது, ஒளி புகாதது; கிளைத்த உடலிலிருந்து நீண்ட முட்கள் கீழ்நோக்கித் தொங்கும்.

இந்தப் பற்களைக் கண்டுதான் இயற்கையியலாளர் ஸ்கோபோலி 1772இல் இதைப் பற்களுள்ள பூஞ்சைகளுக்கான ஹிட்னம் பேரினத்தில் சேர்த்தார். பூஞ்சையியலாளர் கார்ஸ்டன் 1868இல் சூடோஹிட்னம் என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். ஹிட்னத்தின் பசிடியம், அதாவது வித்துகளை உண்டாக்கும் நுண்ணுறுப்பு, பிரிவுகளற்ற ஒற்றைச் செல். இதிலோ, ஏறக்குறைய உருண்டையான பசிடியத்தை நெடுக்குச் சுவர்கள் நான்காகப் பிரிக்க, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நீண்ட காம்பொன்று எழுந்து ஒரு வித்தைத் தாங்குகிறது. சாதாரண நுண்ணோக்கியில் 400 மடங்கு உருப்பெருக்கத்திலேயே இதைக் காணலாம். ஒரு பல்லின் நுனியைக் கிள்ளி ஒரு துளி நீரில் நசுக்கினால் போதும். இவ்வளவு தெளிவாக ஒரு பூஞ்சையின் உறவுமுறையைக் காட்டும் காட்சி வேறு அதிகம் இல்லை என்பேன்.

மஞ்சள் தண்டுகள் காலோசெரா விஸ்கோசா. பவளம்போல் கிளைக்கும் ரமாரியா என்று பலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள். ஒரு தண்டை வளைத்துப் பாருங்கள்: ரமாரியாவின் சதை உடனே முறிந்துவிடும், காலோசெரா ரப்பர்போல வளைந்துகொடுக்கும். அதன் அடிப்பகுதியும் வேர்போல மரத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்கும்.

மரத்தைப் பொறுத்தவரை, ஸ்ப்ரூஸ் மரத்தில் பிசின் குழாய்கள் உண்டு. வெள்ளி ஃபிர்ரில் இயல்பாக அவை இல்லை. கட்டையின் நலிவடையாத பகுதியைக் கூர்மையான கத்தியால் குறுக்கே சீவி, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் ஆண்டு வளையத்தின் வெளிப்பகுதியில் சிறு புள்ளிகளாக அவை தெரியும். பட்டை எஞ்சியிருந்தால் அதுவும் உதவும்.

மூன்றாவதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அதற்கு மணம் இருந்ததா? அடிப்புறம் எப்படி இருந்தது?

மலைவழி:

மிக்க நன்றி. மீண்டும் சென்று பார்த்தேன். தண்டு முறியாமல் வளைந்தது. சீவிய இடத்தில் புள்ளிகள் தெரிந்தன. செம்பழுப்பு நிறச் செதில்களாக உரியும் பட்டையும் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஆகவே ஸ்ப்ரூஸ் என்றே கொள்கிறேன். மூன்றாவதன் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவில் உருண்டைத் துளைகள் இருந்தன. முகர்ந்தபோது சோம்பு மணம் தெளிவாக வந்தது. கட்டையின் உட்பகுதி பழுப்பு நிறத்தில் சிறு சிறு கனசதுரங்களாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகிறது. இந்த அழுகலை உண்டாக்கியது சூடோஹிட்னமா?

வனப்பூஞ்சை:

அந்தச் சோம்பு மணமே விடை சொல்லிவிடுகிறது: அது குளோயோஃபில்லம் ஓடோராட்டம். மத்திய ஐரோப்பாவில் பழைய ஸ்ப்ரூஸ் அடிக்கட்டைகளில் பரவலாகக் காணப்படும் பல்லாண்டுப் பூஞ்சை. அதன் நெருங்கிய உறவான குளோயோஃபில்லம் செபியாரியத்துக்கும் ஆரஞ்சு விளிம்பு உண்டு. ஆனால் அதன் அடிப்புறத்தில் செவுள்போன்ற தகடுகள் இருக்கும், இந்த மணமும் இருக்காது. வெயில் படும் வேலிக்கட்டைகளிலும் கிடைமரங்களிலும் அதை அதிகம் காணலாம்.

அழுகலுக்குச் சூடோஹிட்னத்தைப் பொறுப்பாக்க வேண்டாம். கனசதுரங்களாக வெடிப்பது பழுப்பு அழுகலின் அடையாளம்: பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சிதைத்துவிட, நார்களைப் பிணைக்கும் லிக்னின் மாற்றமடைந்து பழுப்பு நிறமாக எஞ்சுவதால் மரம் சுருங்கி வெடிக்கிறது. குளோயோஃபில்லம் இதைத்தான் செய்கிறது. காலோசெரா சேர்ந்துள்ள டாக்ரிமைசீட்ஸ் வகுப்பும் பழுப்பு அழுகலுக்கு உரியது. சூடோஹிட்னம் இடம்பெறும் ஆரிகுலேரியேல்ஸ் வரிசையோ பொதுவாக, லிக்னினையும் சிதைத்து மரத்தை வெளுக்கச் செய்யும் வெள்ளை அழுகலோடு தொடர்புடையது. ஒரே கட்டையில் பல பூஞ்சைகள் தத்தம் பகுதியைப் பிடித்து வாழ்வது வழக்கம் என்பதால், ஒரு பூஞ்சையின் வெளித்தெரியும் வித்துடலுக்கு அருகில் காணும் அழுகலை எல்லாம் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இன்னொன்று. சூடோஹிட்னம் ஜெலட்டினோசம் என்று உலகெங்கும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டது உண்மையில் பல இனங்களின் தொகுப்பு என மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே உங்கள் குறிப்பில் மேற்புற நிறம், காம்பின் நீளம், மரத்தின் பெயர், இடத்தின் உயரம் ஆகியவற்றை மறவாமல் எழுதுங்கள். வித்துப் பதிவு எடுக்கக் கண்ணாடித் தகட்டின் மேல் பற்கள் கீழே இருக்கும்படி வைத்து, உலராதிருக்கக் கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விடுங்கள். வித்துகள் வெண்மையானவை என்பதால் தகட்டின் அடியில் கறுப்புத் தாளை வைத்தால்தான் தெரியும். மாதிரி நன்றாக உலர்ந்தபின் காகித உறையில் இடுங்கள். நெகிழிப் பையில் ஈரத்தோடு வைத்தால் கூழ்மப் பூஞ்சை விரைவில் கெட்டுவிடும், பிறகு பசிடியத்தைக் காண வழியிருக்காது.