குழாயடியில் காதில் விழுந்த பேச்சைச் செய்தியாக்கலாமா?

திருமலை நிருபர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையிலிருந்து ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரமாக விளையாட்டுச் செய்திகளை அனுப்பி வருபவன். கடந்த வாரம் ஏகாம்பரம் மைதானத்தில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் ஓர் அணி தண்ட உதையில் தோற்றது. பரிசளிப்பு முடிந்த பின்னர் அந்த அணியின் வீரர்கள் இருவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு பேசியது, மதிலுக்கு இப்பால் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போன என் காதில் தெளிவாக விழுந்தது. அணித் தலைவர் தமக்கு வேண்டியவர்களைத்தான் உதைக்க அனுப்பினார் என்று ஒருவர் குறைப்பட்டார். மற்றவரோ, முழங்கால் வீங்கியிருப்பதைச் சொல்லியும் ஊசி போட்டுத் தம்மைக் களத்தில் இறக்கினார்கள் என்றார்.

செய்தி ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, ஒலிப்பதிவு உண்டா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். பெயரைப் போடாமல், ‘வீரர் ஒருவர் கூறினார்’ என்று மேற்கோள் குறிக்குள் அனுப்பச் சொன்னார். இரண்டு நாட்களாக அந்தப் பந்தியை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். பொது மைதானத்தில் உரக்கப் பேசியதை எழுதுவதில் தவறு உண்டா?

உவர்மலை வாசகர்:

தம்பி, நான் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மைதானம் பொதுவானது என்பதை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. தம் பேச்சு வெளியே போகும் என்பது பேசியவருக்குத் தெரிந்திருந்ததா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 2022 ஜனவரியில் கேப் டவுன் டெஸ்ட் போட்டியில், அஸ்வினின் பந்துக்கு டீன் எல்கர் ஆட்டமிழந்ததாக நடுவர் அளித்த தீர்ப்பு மீளாய்வில் மாறியபோது, விராட் கோலி விக்கெட் அருகே போய் விக்கெட் குச்சியருகே பொருத்தியிருக்கும் ஒலிவாங்கியான ஸ்டம்ப் மைக்கில் கேட்கும்படியாகவே தம் கோபத்தைக் கொட்டினார். அதை எழுதியவர்களை ஒட்டுக்கேட்டவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 2018 இன் பிற்பகுதியில் சர்வதேச கிரிக்கெட் பேரவையான ஐசிசி விதியைத் தளர்த்தி, பந்து ஆட்டத்தில் இல்லாத வேளையிலும் அந்த ஒலியை ஒளிபரப்ப இடமளித்தது. அதன் பின்னர் சர்வதேச வீரர்கள் மைக் திறந்திருக்கிறது என்று எண்ணித்தான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. குழாயடியில் நின்றவர்களுக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் இருக்கவில்லை. நீங்கள் அவர்கள் கண்ணில் படும்படி நின்றிருந்தால்கூட நான் சற்று யோசித்திருப்பேன்.

பெயரை விட்டுவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று உங்கள் செய்தி ஆசிரியர் நம்புவது எனக்கு வியப்பளிக்கிறது. முழங்கால் வீங்கிய வீரர் யாரென்று திருமலைத் தேநீர்க் கடைகளில் அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அத்துடன், ‘கூறினார்’ என்ற சொல்லைப் படிக்கும் வாசகர், அவர் உங்களிடம் கூறியதாகவே விளங்கிக்கொள்வார். அது உண்மையல்ல.

பழைய பந்துக்காப்பாளர்:

இளமையில் நானும் இதே ஊரில் விளையாடியவன். தோற்ற பின்னர் முதல் அரை மணி நேரத்தில் வீரன் பேசுவது அவனுடைய முடிவான கருத்தல்ல. ஒருமுறை பஸ்ஸில் நான் எரிச்சலில் சொன்ன ஒரு வசனம் மறுநாள் ‘அணிக்குள் பிளவு’ என்ற தலைப்பாக வந்தது. நான் ‘போல’ என்று சொன்ன இடத்தில் பத்திரிகை ‘தான்’ என்று போட்டிருந்தது. அடுத்த பருவத்தில் என்னை எவரும் அழைக்கவில்லை.

இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2010 உலகக் கிண்ணத்தில் மெக்சிகோவுக்கு எதிரான போட்டியின் இடைவேளையில், உடைமாற்றும் அறைக்குள் பிரான்ஸ் வீரர் நிக்கொலா அனெல்கா தம் பயிற்றுநர் டொமினெக்கைத் திட்டியதாக அந்நாட்டு லெகிப் நாளிதழ் முதல் பக்கத்தில் மேற்கோள் குறிகளுடன் வெளியிட்டது. அனெல்கா நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதைக் கண்டித்து ஏனைய வீரர்கள் பயிற்சி செய்ய மறுத்தார்கள். பிரான்ஸ் முதல் சுற்றுடன் வெளியேறியது. அந்தச் சொற்களைத் தாம் அப்படியே சொல்லவில்லை என்று அவர் மறுத்து வழக்குத் தொடுத்தும், நீதிமன்றத்தில் வெற்றி கிடைக்கவில்லை. சொல்லுக்குச் சொல் உறுதியாகத் தெரியாவிட்டால் மேற்கோள் குறியைத் தொடாதீர்கள்.

நிலாவெளி ஆசிரியை:

மேலே உள்ள இரு பதில்களும் சரியானவை. ஆனால், எழுதாமல் விடுவதையே நேர்மை என்று எண்ண வைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். 2019 ஜனவரியில் டர்பன் ஒருநாள் போட்டியில், தென்னாபிரிக்க வீரர் பெலுக்வாயோவைப் பார்த்து பாகிஸ்தான் அணித் தலைவர் சர்பராஸ் அஹமட் சொன்ன இனவாத வார்த்தைகளை ஸ்டம்ப் மைக்தான் வெளியே கொண்டு வந்தது. உலகம் கேட்க வேண்டும் என்று நினைத்து அவர் பேசவில்லை. ஆயினும், அது செய்தியாக வந்திருக்கக் கூடாது என்று வாதிட முடியுமா? அவருக்கு நான்கு போட்டிகளில் தடை விதிக்கப்பட்டது.

ஆகவே, நீங்கள் கேட்ட இரண்டு விடயங்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். தலைவரைப் பற்றிய குறை வெறும் மனத்தாங்கல்; அதை வெளியிடுவதால் அணிக்குள் சண்டை மூளுமே தவிர வாசகருக்குப் பயனில்லை. காயமடைந்தவருக்கு ஊசி போட்டு விளையாட வைத்தது உண்மையானால், அது பிள்ளைகளை அந்த அணிக்கு அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டிய செய்தி. காதில் விழுந்ததைத் துப்பாக எடுத்துக்கொண்டு, அவரிடமே நேரில் போய்க் கேளுங்கள். அவருடைய வயது என்ன?

திருமலை நிருபர்:

பதினேழு. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நேற்று மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். மதிலுக்குப் பின்னால் நின்று கேட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டே மற்றதைக் கேட்டேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் தாயாரின் முன்னிலையில் விளக்கினார். ஊசி போட்டது இறுதிப் போட்டியிலல்ல, அரையிறுதிக்கு முன்னராம். இறுதிப் போட்டியின் இடைவேளையில் மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரேயை மட்டும் அடித்தார்களாம். செய்தி ஆசிரியர் சொன்னபடி அன்றே அனுப்பியிருந்தால், பிழையான ஒன்று மேற்கோள் குறிக்குள் அச்சாகியிருக்கும். மகனின் பெயரையோ அணியின் பெயரையோ போடக் கூடாது என்றும், ஊசி போட்டவர் வைத்தியரா இல்லையா என்பதை மட்டும் கண்டுபிடித்து எழுதுமாறும் தாயார் கேட்டுக்கொண்டார்.

தலைவரைப் பற்றிய வரியை அழித்துவிட்டேன். பயிற்றுநருக்கு இன்று மூன்று முறை அழைத்தேன், இன்னும் எடுக்கவில்லை. நாளை காலைப் பயிற்சி நேரத்தில் மைதானத்துக்கே போகப் போகிறேன், இம்முறை வாசல் வழியாக.