ஆச்சி தைத்த ஞானஸ்நான உடுப்பு: பிரிக்கலாமா?

பாளையங்கோட்டைக்காரி:
அடுத்த மாதம் மகளுக்கு ஞானஸ்நானம். அம்மாவும் நானும் போட்ட உடுப்பையே அவளுக்கும் போட ஆசை. இடையன்குடி ஆச்சி கையால் தைத்தது, கழுத்திலும் கீழோரத்திலும் அவர்களே பின்னிய ரேந்தை, அதாவது நூல் லேஸ். நேற்று டிரங்குப் பெட்டியைத் திறந்தால் துணி முழுக்கப் பழுப்பேறிக் கிடக்கிறது, மடிப்பு விழுந்த இடத்தில் தொட்டாலே இழை விட்டுப்போகிறது. ரேந்தை மட்டும் அப்படியே இருக்கிறது. மகளுக்கு எட்டு மாதம், உடுப்பு மார்பில் இறுக்கவும் செய்யும். கடையில் நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார்கள் வீட்டில். வாங்கலாம்தான், ஆனால் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தை மடித்து ஆச்சி அடித்த ஊசித்தையல் ஒரே அளவில் ஓடிக்கொண்டே போகிறது, ஓர் இடத்தில் நூல் தீர்ந்து வேறொரு வெள்ளையில் தொடர்ந்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு கடைக்குப் போக மனசே வரவில்லை. பிளீச் போட்டு வெளுக்கலாமா? பிரித்துப் பெரிதாக்கலாமா?

தென்காசி தையல்கடை:
தங்கச்சி, பிளீச் வேண்டவே வேண்டாம், நைந்த பருத்தி அதிலேயே கிழிந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள். துண்டில் விரித்து நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போட்டால் உள்பக்கம், மேலே ஈரத்துணி வைத்து. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்திலேயே தோள் கிழியும்.

நாங்குநேரி மதினி:
நான் பிரிக்கவே விடமாட்டேன். ஆச்சி போட்ட முடிச்சை அவிழ்த்தால் திரும்ப யார் போடுவது? கஞ்சி போடாமல், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், கஞ்சி இருந்தால் பூச்சி அரிக்கும்.

திசையன்விளை அக்கா:
மதினி சொல்வது புரிகிறது, ஆனாலும் பெட்டிக்குள் இருந்துதானே இந்தத் துணி நைந்தது. எங்கள் அம்மாவும் ரேந்தை பின்னியவர்கள். நாகர்கோவிலில் அந்தக் காலத்து மிஷனரி மார்த்தா மால்ட் அம்மாள் சொல்லிக்கொடுத்த வேலை அது, அவர்கள் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல் ஐயரைக் கட்டி இடையன்குடிக்கு வந்தபோது கூடவே வந்தது. தலையணையில் துளைபோட்ட அட்டையை வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள், ஒரு சாண் நீளத்துக்கே அம்மா நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ரேந்தை தனியாகப் பின்னி, பிறகு துணியோரத்தில் வைத்துத் தைத்ததுதான். அதனால் ரேந்தையை வெட்ட வேண்டாம், சின்னக் கத்தரியால் சேர்ப்புத் தையலை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள், முழுதாக வந்துவிடும். புது மல் துணியில் மகள் அளவுக்கு உடுப்புத் தைத்து அதில் வையுங்கள். மெஷின் வேண்டாம், கையூசிதான்.

பாளையங்கோட்டைக்காரி:
அக்கா, இன்று கழுத்து ரேந்தையை எடுத்துவிட்டேன், ஒரு கண்ணிகூட விடவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்த நூலையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். மதினி, அந்த வேறு வெள்ளை நூல் ஓடும் இடத்தைப் பிரிக்கவில்லை, அந்தத் துண்டை அப்படியே புது உடுப்பின் உள்பக்கம், நெஞ்சுக்கு நேரே வைத்துத் தைக்கப்போகிறேன்.